ஐந்து வருட சர்வீஸ் வேண்டாம் என்றாய்

இன்று காலை வேலைக்குப் புறப்படும்போது என் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. குளிர்காலம் நெருங்குகிறது, உங்கள் காருக்குக் குளிர்கால டயர் மாற்ற நேரம் பதிவுசெய்துகொள்ளுங்கள் என்று ஒரு கார்க் கடை எழுதியிருந்தது. நான் ஓட்டுவது பதினான்கு வருடப் பழைய சின்னக் கார். அந்தக் கடைப் பக்கமே அது போனதில்லை. தவறி வந்திருக்கிறது என்று அழிக்கப் போனேன். கீழே இருந்த இலக்கத் தகட்டு எண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது உன்னுடைய கார்.

அந்தக் காரை ஓட்டிப் பார்ப்பதற்குப் படிவம் நிரப்பியபோது நீ என் எண்ணைத்தான் கொடுத்தாய். "என்ர போனுக்குச் சார்ஜ் நிக்கிறேல்லையடி" என்றாய். நானும் நம்பினேன்.

கடைக்கு அழைத்து டேனிஷில் சொன்னேன். உரிமையாளர் இறந்துவிட்டார், காரை அவருடைய மகள் விற்றுவிட்டார், என் எண்ணை எடுத்துவிடுங்கள். குரல் பிசகவில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான் சப்பாத்துக்குள் கால் போக மறுத்தது. வாசல் தரையிலேயே இருந்துவிட்டேன். வேலைக்கு அரை மணி நேரம் பிந்தித்தான் போனேன்.

உன்னைப்போல் கணக்காக வாழ்ந்த ஒருத்தியை இந்த ஹேர்னிங் ஊரில் நான் கண்டதில்லை. மொழிப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் தொடங்கினோம். பிறகு தையல் ஆலையில் ஒன்பது வருடம் முதுகோடு முதுகாக இருந்து தைத்தோம். ஆலையை மூடியபோது நான் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனேன், நீ ஓர் அலுவலகத்தின் சமையலறைக்குப் போனாய். உன் கணவர் லண்டனுக்குப் போனவர், போனவர்தான். மகளைத் தனியே படிக்கவைத்தாய். அவள் தலைநகர்ப் பக்கம் புரொண்பிக்குக் குடிபோன பிறகு இருந்த பழைய காரையும் விற்றுவிட்டுச் சைக்கிளில் திரிந்தாய். எங்கள் ஆட்கள் யாராவது கதிரை மேசை வாங்குவதென்றாலும் உன்னைத்தான் கூட்டிப்போவார்கள். பேரம் பேசுவதில் உனக்கு ஒரே ஒரு விதி. "நீ ஒரு விலையைச் சொன்னாப் பிறகு வாயைத் திறக்கப்படாது. முதல் கதைக்கிறவன் இறங்குவான்."

அப்படிப்பட்ட நீ ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு மணியை அடித்து, "வெளிக்கிடு. கார் வாங்கப் போறம்" என்றாய். ஏதோ சின்னக் கார் என்று நினைத்துத்தான் மேற்சட்டையை எடுத்தேன். நீ கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாய். கறுப்பு நிற ஜெர்மன் கார். நான்கு வருடம் ஓடியது. நாலு லட்சம் குரோனருக்கு மேலே விலை.

"உனக்கென்ன விசரோ?" என்றேன். "ஆருக்குப் பவிசு காட்ட இந்தக் கார்?"

"எனக்குத்தான்" என்றாய்.

அந்த வார்த்தையை நான் உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. பவிசு.

மூன்று வாரம் அலைந்தோம். விபோர்க்கில் ஒரு கடைக்காரன் எங்கள் இரண்டு பேரின் குளிர்ச்சட்டைகளையும் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காமலே சின்னக் கார்களின் பக்கம் கூட்டிப்போனான். நீ திரும்பி நடந்தாய். ஒவ்வொரு கடையிலும் நீ செய்தது எனக்குப் புதிராக இருந்தது. இயந்திரத்தைப் பார்க்கும் முன்பே ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருப்பாய். பிறகு இறங்கி, "இது சரிவராது" என்பாய். விற்கிறவனை மசியவைக்கும் தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஹேர்னிங்கிலேயே ஒரு கடையில், அதே வகைக் கறுப்புக் கார் ஒன்றில் மட்டும் இருபது நிமிடம் இருந்தாய். இறங்கும்போது உன் முகம் தெளிந்திருந்தது. "இதுதான்" என்றாய்.

விற்பனையாளருக்கு ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. எங்கள் விலைகள் பேரத்துக்கு உரியவை அல்ல என்று சிரித்த முகத்தோடு சொன்னார். நீ தலையாட்டினாய். பிறகு குந்தியிருந்து நான்கு டயரின் தேய்மானத்தையும் நாணயத்தைச் செருகிப் பார்த்தாய். எழும்பும்போது காரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினாய். அதையும் நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. கண்ணாடியில் கல் பட்ட புள்ளியைக் காட்டினாய். இரண்டாவது சாவி எங்கே என்றாய். சாவி தொலைந்துவிட்டதாம். மேசைக்குப் போய் ஒரு விலையைச் சொன்னாய். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாய்.

அந்த மௌனத்தை என்னால் தாங்கமுடியவில்லை. கோப்பி ஆறியது. அவர் பேனாவைத் தட்டினார், திரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். கடைசியில் அவர்தான் கதைத்தார். விலையில் கைவைக்க முடியாது, ஆனால் ஐந்து வருட சர்வீஸ் ஒப்பந்தம் ஒன்றை இலவசமாகச் சேர்க்கிறேன் என்றார். எண்ணெய் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். "ஐந்து வருடத்துக்கு நீங்கள் எதையுமே யோசிக்க வேண்டாம்."

நல்ல பேரம். எடு என்று மேசைக்குக் கீழே உன் காலைத் தட்டினேன்.

நீ டேனிஷில், பஸ் நேரம் சொல்வதைப்போல் சொன்னாய். "ஐந்து வருடம் என்னிடம் இல்லை. கணையத்தில் புற்றுநோய். மருத்துவர் அரை வருடம் என்கிறார். அதனால் அந்த ஒப்பந்தம் எனக்குப் பயன்படாது. விலையைப் பேசுவோம்."

என் காதில் விழுந்தது எனக்கு விளங்கவில்லை. டேனிஷ் பிழையாக விளங்கிவிட்டதாக்கும் என்று, இத்தனை வருடத்துக்குப் பிறகும், மனம் ஒரு கணம் அந்தக் கொப்பைப் பிடித்துத் தொங்கியது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த வெளிறலைப் பார்த்துத்தான் சரியாகவே விளங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். உன் பக்கம் திரும்ப முடியவில்லை. நான் நாளாந்தம் சாகிறவர்களைத் துடைத்துப் படுக்கவைக்கிறவள். நீ மெலிந்ததைப் பார்த்து, "என்ன, பட்டினி கிடக்கிறியோ, வடிவா இருக்கிறாய்" என்று பகிடி விட்டவளும் நான்தான்.

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, மேலாளரோடு பேசிவிட்டேன், இருபத்தையாயிரம் குறைக்கிறோம் என்றார்.

"எதற்காக?" என்று கேட்டாய்.

அவர் சிவந்துபோனார். "உங்கள் நிலைமையில்..."

"என் நிலைமை காரில் இல்லை. டயர் தேய்ந்திருக்கிறது. சாவி ஒன்று இல்லை. கண்ணாடியில் புள்ளி இருக்கிறது. அவற்றுக்கு எவ்வளவோ அதைக் குறையுங்கள்."

நீங்கள் இருவரும் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூட்டினீர்கள். பதினாறாயிரம் வந்தது. நீ கையைக் கொடுத்தாய். அவர் உன் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில்தான் எனக்கு வாய் வந்தது. முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். "எனக்குச் சொல்லேல்லை. ஆரோ ஒரு கார் விக்கிற மனிசனுக்குச் சொல்லுறாய். மூண்டு கிழமை உனக்குப் பக்கத்திலதானே இருந்தனான்!"

"ஓம்" என்றாய். "ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். தமிழில சொல்ல வாய் வருகுதில்லையடி. டேனிஷில அது ஒரு செய்தி மாதிரி. தமிழில சொன்னால் எனக்கு நடக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப கார் என்னத்துக்கு?"

"அந்தச் சீற்றில இருந்தால் முதுகு நோகுதில்லை" என்றாய். "வீட்டில கட்டிலில நோகுது, கதிரையில நோகுது. உதில மட்டும் நோகுதில்லை. எத்தினை கடை ஏறி இறங்கிக் கண்டுபிடிச்சனான் தெரியுமே?"

இருபது நிமிடம் நீ ஏன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. பவிசு என்று சொன்ன வாயை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிறகு எங்களுக்குக் கிடைத்தது ஐந்து மாதம். முதல் இரண்டு மாதம் நீயே ஓட்டினாய். பிறகு பக்கத்து இருக்கையைச் சாய்த்து உன்னை இருத்திவிட்டு நான் ஓட்டினேன். கடற்கரை, காட்சி என்று எங்கேயும் போகவில்லை. மருத்துவமனைக்கு, கடைக்கு, சில நாள்களில் சும்மா ஊரைச் சுற்றி. ஒருமுறை புரொண்பிக்கு, உன் மகளிடம். கடல்மேல் போகும் பெரிய பாலத்தைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாய். எத்தனையோ கிழமைக்குப் பிறகு வந்த உறக்கம். மகளின் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் நான் இயந்திரத்தை நிறுத்தவில்லை. மகள் வெளியே வந்து கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள், மெதுவாகக் கதவைத் திறந்து பின்னால் ஏறி இருந்தாள். நீ விழிக்கும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

அந்த மேசையில் எனக்குள் விழுந்த இடி இன்னும் முழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை இறக்கிவைக்க நான் முயன்றதுமில்லை. எங்கள் ஆட்களில் யாராவது தன் இயல்புக்கு மாறாக எதையாவது செய்தால் இப்போது எனக்கு நெஞ்சு பகீரென்கிறது.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், ஆலையில் பொத்தான் தைத்த அக்கா நீச்சல் பழகப்போவதாகச் சொன்னா. அறுபத்தாறு வயது. குளிக்கிற தொட்டியைக் கண்டாலே பயப்படுகிற மனுசி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கதிரையை இழுத்துக்கொண்டுபோய் அவவுக்குப் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துத் தமிழில் கேட்டேன்.

"அக்கா, உடம்புக்கு என்ன செய்யுது? என்னட்டைச் சொல்லுங்கோ."

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "ஒண்டுமில்லையடி. நீந்த ஆசை. உனக்கென்ன வந்தது?"

உண்மையாகவே ஒன்றுமில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பிடித்த கையை விட எனக்கு நெடுநேரமாயிற்று. அவவும் அதை இழுத்துக்கொள்ளவில்லை. இனியும் இப்படித்தான் கேட்பேனடி. எத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சரி, கேட்காமல் மட்டும் இருக்கமாட்டேன்.