முதல் கணத்துக்கு முன்னால், ஜெசிந்தா

என் பிரியமான எதிர்க்கட்சிக்காரி ஜெசிந்தாவுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிவிட்டது. போன ஞாயிறு புளியந்தீவு மாதா கோயிலில் உனக்காகப் பூசை வைத்தார்கள். நானும் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எல்லோரும் முழந்தாளிட்டபோது நான் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பழகிப்போன காட்சிதான்.

நீ பௌதிகம் படிப்பித்தவள் என்பதால் பாதர் தன் பிரசங்கத்தில் பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசினார். பெருவெடிப்பைக் கண்டுபிடித்ததோடு விஞ்ஞானமே கடவுளை ஒப்புக்கொண்டுவிட்டது என்றார். நான் என்னை அறியாமல் உன்னைத் தேடித் திரும்பினேன். நம்புகிறவளான உனக்கே இந்தப் பேச்சு பிடிக்காது. "இவ்வளவு லேசா வெல்லக் கூடாது கா" என்று காதுக்குள் சொல்லியிருப்பாய். பாதர் சொன்னதில் என்ன பிழை என்று தெரிந்தவர்கள் அந்தக் கோயிலில் இரண்டு பேர். ஒருத்தி நான். மற்றவளுக்குத்தான் பூசை.

நாம் படிப்பித்த பள்ளிக்கூடம் விட்டதும் உன் ஸ்கூட்டியில் என்னை நாவற்குடாவில் இறக்கிவிடுவாய். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் விவாதம் தொடங்கும். பாதிச் சொற்களைக் காற்று கொண்டுபோய்விடும், மீதியை வைத்துக்கொண்டு சண்டை பிடிப்போம்.

"தொடங்கின எதுக்கும் ஒரு காரணம் இரிக்கி. பிரபஞ்சம் தொடங்கினது. அப்ப?" என்பாய்.

"காரணம் எண்டுறது உலகத்துக்குள்ள நாம கண்ட பழக்கம். உலகத்துக்கே அது பொருந்துமா? நேரமே அங்கதான் தொடங்கினதெண்டா, அதுக்கு முன்னால எண்டு கேக்கிறதில அர்த்தம் இரிக்கா?"

"கேள்விய அழிச்சுப்போட்டு விடை சரியெண்டு புள்ளி போடுறாய். நல்ல கணக்கு ரீச்சர்!"

"நீ மட்டும் என்னவாம்? ஒரு காரணம் எண்டுதான் தொடங்குறாய். பாலத்தால இறங்கிறதுக்குள்ள அந்தக் காரணம் உன்ர நொவேனா செபத்தையும் கேட்டுக்கொண்டிரிக்கி."

நீ சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டி ஆடும். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போவார்.

உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று உனக்குப் பதில் சொல்வேனே, அந்தப் பதில் எனக்கும் போதவில்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம். ஏன் ஏதோ இருக்கிறது? இதை உன்னிடம் சொல்லியிருந்தால் வென்றுவிட்டதாக எண்ணி, கடையில் நிறுத்தித் தேநீரும் ரோல்ஸும் வாங்கித் தந்திருப்பாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீதான் அந்தப் பேச்சை எடுத்தாய். குரல் அடங்கிப்போயிருந்தது. "எனக்கு இந்த நிறுவல் ஒண்டும் தேவையில்ல கா. நான் சின்னப் புள்ளையிலயே நம்பிட்டன். பெருவெடிப்பெல்லாம் மறுகா உனக்காகத் தேடினது. நீயும் வாறதுக்கு ஒரு வழி வேணுமே."

நான் உன் போர்வையைச் சரிசெய்தேன்.

பூசை முடிந்து உங்கள் வீட்டுக்குப் போனோம். உறவினர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு உன் அம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார். கையில் தேநீர், குடிக்கவில்லை.

"எல்லாரும் அவள் ஆண்டவரிட்டப் போயிட்டாள் எண்டு சொல்றாங்க. என்னை ஆத்துறதுக்குத்தான் சொல்றாங்களோ எண்டு இரிக்கி. நீ பொய் சொல்லமாட்டாய். சொல்லு மகள், இதெல்லாத்தையும் உண்டாக்கின ஒருத்தர் இரிக்காரா? அவள் அவரிட்டயா இரிக்கிறாள்?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் ஆறுதலுக்காகச் சொல்கிறவர்களின் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டால், அம்மா பிறகு யாரிடம் கேட்பார்? இல்லை என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் கிடையாது. முதல் கேள்விக்கு ஓம் என்பதுதான் விடை என்றாலும், இரண்டாவது கேள்விக்கு அதிலிருந்து எப்படிப் போவது? ஒரு காரணத்துக்கும் நொவேனா கேட்கிறவருக்கும் நடுவே, பாலத்தில் நான் கேலி செய்த அதே இடைவெளி. அம்மா அதில் நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரியாதம்மா. உலகம் எப்பிடித் தொடங்கினது எண்டு கொஞ்சம் தெரியும். ஏன் எண்டு தெரியா. அவள் எங்க எண்டும் தெரியா."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். கோபமா என்று எனக்கு விளங்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"உனக்கும் மனசு அவளத் தேடுதா, மகள்?"

"ஓம் அம்மா" என்றேன். அன்றைக்கு நான் சந்தேகமில்லாமல் சொன்னது அது ஒன்றுதான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவரும் என்னை மறுத்துப் பேசுவதில்லை. நான் நினைப்பது சரியா என்று சோதித்துப் பார்க்க ஆளில்லை, ஜெசிந்தா. கேட்கமாட்டாய் என்று நான் எண்ணும் ஒருத்திக்கு ஏன் எழுதுகிறேன் என்பதற்கும் என்னிடம் விளக்கமில்லை.

இனி ஞாயிறுகளில் அம்மாவை நானே பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். முழந்தாளிடுவேன் என்று நினைக்காதே. அம்மா மீண்டும் கேட்டால் எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்வேன். கேட்கிற ஒவ்வொரு முறையும், அதுதான் முதல் முறை என்பதுபோல யோசித்துவிட்டுச் சொல்வேன். அது மட்டும் உனக்கு என் வாக்கு.

உன் அம்மாவுக்கு மிச்சமாயிருக்கும் மகள்,
சுகந்தி