உன் கடிதத்தில் தேடிய தமிழ்

காஜா பெராங், மலாக்கா
16-3-1958

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அம்மா பொன்னம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் சாமி புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் அந்தச் சீமைக் குளிரில் மேலுக்கு ஒன்றும் வராமல் சுகமாக இருக்க வேண்டுமென்று நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி விட்டபாடில்லை, ஆனாலும் சைக்கிளை விடமாட்டேன் என்று செங் ஊர் வரைக்கும் மிதிக்கிறார், சொன்னால் கேட்கிற மனிதரா. முன்வாசல் ரம்புத்தான் இந்த வருஷம் நிறையப் பூ விட்டிருக்கிறது, நீ இல்லாமல் யார் ஏறிப் பறிக்கப் போகிறார்கள் என்று அதன் அடியில் போய் நிற்கிறேன்.

உன் கடிதம் போன மாதம் வந்தது. நீ போய் நான்கு வருஷத்தில் முதல் முறையாக இங்கிலீஷில், அதுவும் மிஷினில் அடித்து வந்தது. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத பாஷை, அதனால் ஜாலான் பெண்டஹாராவில் யூனுஸ் பாய் ஜவுளிக்கடைக்கு எடுத்துப் போனேன். ஆள் நிறைய நின்றும் அவர் முகம் சுளிக்காமல் அன்புள்ள அம்மாவுக்கு என்று தொடங்கி முழுதும் தமிழிலேயே சொன்னார். ஆபீஸ் மிஷினில் அடித்தால் சீக்கிரம் முடிகிறது, இனிமேல் இப்படித்தான் எழுதுவேன், இந்தத் தீபாவளிக்கும் வர முடியாது என்றெல்லாம் நீ எழுதியிருந்ததைக் கேட்டுக்கொண்டேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது, ரவிக்கைத் துணி பார்க்கிற சாக்கில் உட்கார்ந்து மறுபடி வாசிக்க வைத்துவிட்டேன். அப்படி வாங்கிய துணி இன்னும் தைக்காமல் கிடக்கிறது.

இப்போது எழுத வந்த சங்கதி என்னவென்றால், நம் தமிழ்ப் பள்ளிக்குக் கமலவேணி என்று ஒரு டீச்சர் புதிதாக வந்திருக்கிறது, சின்ன வயசு, ஆனால் பயம் கிடையாது. புதன்கிழமை வந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நோட்டும் பென்சிலுமாகத் தெருவுக்கு அழைத்து வந்துவிடும். புத்தகத்துல உள்ள தமிழ் எங்கயும் ஓடிப்போகாது, ஊர் வாயில உள்ள தமிழத் தேடிப் பிடிங்க என்று சொல்லி அனுப்புகிறது. பிள்ளைகளும் மலாய்க்காரர் சொல்கிற கெடாய் நம் கடை, காப்பால் நம் கப்பல் என்று எழுதி வருகிறார்கள். புக்கிட் காதில் என்கிற ஊர்ப் பேரில் புக்கிட் மலை, காதில் நம் கட்டில்தானாம், இத்தனை வருஷமாக நாம் கட்டில் மலைக்குத்தான் போய் வந்திருக்கிறோம் என்று அப்பா சிரித்தார்.

போன புதன்கிழமை பின்வீட்டு மங்களம் வீட்டுக்குப் போக என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். மங்களம் சிட்டி வம்சம், அந்தக் காலத்திலேயே வந்து மலாய்க்காரரோடு கலந்துபோன நம் ஆட்கள், அவர்களுக்குப் பேச்சு மலாய்தான், சாமி மட்டும் நம் சாமி என்று உனக்குத் தெரியும். எங்களுக்குத் தமிழ் வராதே என்று மலாயில் சொல்லிக் கையை விரித்தாள். செத்துப்போன பெரியவர்களுக்குச் சோறு வைத்துக் கும்பிடுவதை என்னவென்று சொல்வீர்கள் என்று டீச்சர் கேட்கச் சொன்னது, நான் மலாயில் கேட்டேன், பர்ச்சு என்றாள். உடனே பிள்ளைகளில் நாகூர் மீரான் மகள் ரோஷன் பீவி குதித்து, டீச்சர் அது படைச்சு, படைச்சுதான் அப்படி ஆயிருச்சு என்று கத்தினாள். இருக்கலாம் என்று டீச்சரும் எழுதிக்கொண்டது. அப்படியே தாலி, பொங்கல் என்று கேட்கக் கேட்கப் பதினோரு சொல் வந்துவிட்டது. மங்களம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம், என் பேச்சில் கலப்பே கிடையாது என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள், பசார்ல பெலாச்சான் வாங்கிட்டு லோரோங் வழியா வந்தேன் என்று ஏதோ சொல்லப்போக, ஒரே பேச்சில் சந்தைக்கும் இறால் சாந்துக்கும் சந்துக்குமாக மூன்று மலாய் என்று எண்ணிச் சிரிக்கிறார்கள் குட்டிகள். மானம் போகிறதே என்று உன் கடிதத்தை எடுத்து வந்தேன். என் மகன் இங்கிலீஷில் எழுதினாலும் தமிழை விடமாட்டான், முதல் வரியிலேயே அம்மா இருக்கும், தேடுங்கள் என்று சவால் விட்டேன். ஆளுக்கொரு பக்கம் தலையை நுழைத்தார்கள். நடுவில் டின்னில் விற்கிற கறித்தூளைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்தக் கறி நம் சொல் என்று பிடித்துவிட்டு ஒரே கூச்சல். ரோஷன் பீவி மட்டும் முதல் வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, பெரியம்மா இதுல மதர்னுதான் இருக்கு, அம்மா இல்லையே என்றாள். டீச்சர் சட்டென்று, மதர்னாலும் அம்மாதானே என்றது. நானும் ஆமாம் ஆமாம் என்று சிரித்துப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அன்றைக்குக் கடையில் நான் கேட்ட அம்மா யூனுஸ் பாய் தமிழாக்கிச் சொன்ன அம்மா. அவர் மேல்கூட ஒரு நாள் கோபமாக இருந்தேன், பாவம் அவர் என்ன செய்வார்.

மங்களம் வீட்டார் எத்தனை தலைமுறைக்கு முன் தமிழை விட்டார்களோ, இன்னும் பதினோரு சொல் வைத்திருக்கிறார்கள். நீ போய் நான்கு வருஷம், ஒரே ஒரு சொல், அதுவும் தின்கிற சொல். கேலிக்குத்தான் எழுதுகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உனக்கு வேலை அதிகம் என்று தெரியாதா எனக்கு. நீ வரவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன் ராஜா, அங்கிருந்து அம்மா என்று கூப்பிடவும் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியில் போகாதே, அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நல்ல பேரோடு நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மிஷினிலேயே அடி, இங்கிலீஷிலேயே அடி, ஆனால் தொடங்குகிற இடத்தைக் காலியாக விட்டு, அம்மா என்று பேனாவால் உன் கையெழுத்தில் எழுதிவிடு. மிச்சத்தை யூனுஸ் பாய் வாசிக்கட்டும், அதை நானே வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. பொன்னம்மா