பட்டம் கேட்ட பதவி

மார்ச் 4, திங்கள்
கல்லூரி நூலகத்தின் கணினிகள் எல்லாம் என் பொறுப்பு. நான் தொடாவிட்டால் ஒரு புத்தகம் வெளியே போகாது. ஆனால் ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. அதன் பிறகு நிரந்தரப் பதவி. அதற்கு நூலகவியல் பட்டம் வேண்டுமாம். சர்வர் பார்க்கிறவனுக்கு அது எதற்கு? அலமாரியில் நம்பர் ஒட்டவா? யோசனை நூலகர் ஃபரீஹா அக்காவுடையது. நூலகவியல் பட்டதாரி. ஒரு கேபிள் கழன்றாலும் என்னைத்தான் தேடுவார். ஆனாலும் கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்கிற பார்வை.

மார்ச் 6
நேரிலேயே கேட்டுவிட்டேன். "நாப்பது வயசுல என்னை எங்க போகச் சொல்றீங்க?"
"உங்க மேல கோவம் இல்ல, கமல். யாரு என்ன புக் எடுத்தாங்கன்னு எல்லாம் உங்க கையில இருக்கு. அத யாருக்கும் காட்டக் கூடாதுன்னு எங்களுக்குப் படிக்கும்போதே மண்டையில ஏத்துவாங்க லா."
இதற்கு ஒரு பட்டமா? ஒரு வரியில் சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

மார்ச் 19
நோன்பு மாதம். ஃபரீஹா அக்கா தொழப் போயிருந்தார், கவுண்டரில் நான். தம்போய் பகுதியில் கார் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். மனைவி சந்திரமதி இங்கே மாலை வகுப்பில் படிக்கிறாளாம். "தம்பி, வீட்டுல புக்கு ஏதோ காணோம்னு சொன்னா. என்னென்ன எடுத்திருக்கான்னு பாருங்களேன், ஃபைன் கட்டிடுறேன்." மரியாதையான மனிதர். திரையை அவர் பக்கம் திருப்பினேன். கணக்கியல் புத்தகம் ஒன்று. விவாகரத்துச் சட்டக் கையேடு ஒன்று. திரும்பத் திரும்பத் தவணை நீட்டி வைத்திருந்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஃபைன் கட்டவில்லை.

மார்ச் 22
சந்திரமதியின் தங்கை வந்து கவுண்டரில் நின்று அழுதாள். "எங்க அக்கா கை ஒடஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குறா. இங்க யாரு அந்த ஆளுகிட்ட சொன்னது?" ஃபரீஹா அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மேசைக்கு அடியில் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான். வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பெண்ணின் கை பற்றிய நினைப்பு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

மார்ச் 26
அன்று தொழப் போனபோது ஃபரீஹா அக்கா தன் கணினிக் கணக்கை மூடாமல் எழுந்து போயிருக்கிறார். அதனால் சந்திரமதியின் விவரத்தைத் திறந்தவர் என்று பதிவில் அவர் பெயர்தான் இருக்கிறது. நான் எதையும் மாற்றவில்லை. கேமராப் பதிவு ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும். எடுத்து வைக்க வேண்டியவன் நான். எடுக்கவில்லை. சும்மா இருப்பது குற்றமா என்ன?

குற்றம்தான். தெரியும் எனக்கு.

மார்ச் 27
விசாரணை. பதிவாளர் மூர்த்தி சார் என்னைக் கேட்டார். "கமல், யாரு காட்டுனது?"
"ரெக்கார்டுல என்ன இருக்கோ அதான் சார்."
ஃபரீஹா அக்கா என்னையே பார்த்தார். "நான் தொழுதுட்டு இருந்தேன்" என்றார். தனியாகத் தொழுதவருக்கு யார் சாட்சி? மூர்த்தி சார் கோப்பை மூடிக்கொண்டே சொன்னார்: "படிச்சவங்களே இப்படிப் பண்ணா, அப்புறம் அந்தப் படிப்ப நாம எதுக்குக் கேக்கணும்?"

ஏப்ரல் 30
ஃபரீஹா அக்காவுக்கு இன்று கடைசி நாள். கணினிப் பதவிக்குப் பட்டம் வேண்டும் என்ற விதியும் போய்விட்டது.

மே 2
நிரந்தரம். வீட்டில் பிரியாணி. எல்லாரையும்விட நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.

ஜூன் 11
சந்திரமதி வந்தாள். இப்போது செனாயில் தங்கை வீட்டில் இருக்கிறாளாம். கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. கவுண்டரில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அந்தச் சட்டப் புக்கு மறுபடி வேணும். என் பேருல ஏத்தாம தர முடியுமா? அவரு திரும்ப வந்து கேப்பாரு. படிச்ச மேடம்னு நம்பித்தான் மோசம் போனேன். நீங்க கம்ப்யூட்டர் ஆளு. யாரு என்ன படிக்கிறாங்கன்னு உங்களுக்குக் கவலையே இல்ல. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

என் பெயரில் பதிந்து கொடுத்தேன். அந்தக் கையோடு கும்பிடப் பார்த்தாள்.

"பரவால்லமா" என்றேன்.