எதிராளி எத்தனை கிலோமீட்டர்

அண்ணா,

உன் காக்கி பேண்ட்டை அம்மா போன வாரம்தான் துவைக்க எடுத்தாள். நீ போனதிலிருந்து ஒன்றே கால் வருடம் அது கொடியிலேயே கிடந்தது. உதறியதும் வெள்ளைப் புழுதி கிளம்பியது. பீங்கான் கம்பெனிச் சூளையிலிருந்து நீ தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்த அதே புழுதி, அதே வாசனை. பின் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதம் விழுந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் நீ கட்டிய பிராதின் நகல். மனுதாரர் உன் பெயர். எதிராளி என் பெயர். எழுத்து முழுவதும் என்னுடையது.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். உன் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை.

நம் பக்கத்தில் ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் மணவாளநல்லூருக்குத்தான் போவான். சாமிக்கு மனு எழுதி, பூசையில் வைத்து, வேலில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிக்கும். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும், அதுவரை பிராது நிற்கும். ஆடு திருடியவன்மேல் கட்டுவார்கள், வரப்பை வெட்டியவன்மேல் கட்டுவார்கள். படுக்கையில் கிடக்கிற தங்கைமேல் கட்டியவன் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான்.

போலீஸ் செலக்‌ஷனுக்குப் போய், மார்பளவு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன் நீ. உனக்குள் மிச்சமிருந்த ஓட்டத்தையெல்லாம் என் காலில் கொண்டுவந்து இறக்கினாய். நம் வீட்டிலிருந்து அந்தக் கோயில் வளைவு வரை மூன்றரை கிலோமீட்டர். பைக் மீட்டரில் இரண்டு தடவை அளந்து, சந்தேகம் தீராமல் சைக்கிளில் ஒரு தடவை அளந்தாய். நான் முன்னால் ஓட, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சை மாட்டிக்கொண்டு நீ பின்னால் பைக்கில் வருவாய். எனக்கும் ஓடப் பிடிக்கும், அதில் பொய் சொல்ல மாட்டேன். மாவட்டப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதலாவதாக வந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் என்னைத் தூக்கிச் சுற்றினாய். அன்றைக்கு உன்னைப் போல ஓர் அண்ணன் யாருக்கும் இல்லை என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது எரிகிறது.

அந்த ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள் எழ முடியவில்லை. ஒன்பதாம் நாள் விடிந்தும் விடியாமலும் போர்வையை உருவினாய்.

"எழுந்திரி புள்ள. ஓடி வேர்த்தா மிச்சக் காய்ச்சலும் எறங்கிடும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, தெரியும்ல?"

ஓடினேன். கோயில் வளைவுக்கு அருகில் கால் இரண்டும் என்னுடையவை இல்லாததுபோல ஆயின. மறுநாளும் எழுப்பினாய். அதற்கு மறுநாளும். சோர்வுக்கு மருந்து இன்னும் கொஞ்சம் ஓட்டம்தான் என்பது உன் வைத்தியம். மூன்றாவது வாரம் நீ எழுப்பியும் நான் எழவில்லை.

அப்படி விழுவதற்கு முன்னால் ஒரு நாள் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சைக்கிளை மிதிக்க முடியாமல் பாதி வழி உருட்டிக்கொண்டு வந்தேன். கம்பெனி வாசலில் லோடு ஏற்ற லாரி நின்றது. சூளையைத் திறந்து சரக்கை எடு என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார். கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு நீ சொன்னாய்: "இன்னும் சூடு இருக்குதுங்க. இப்ப தொறந்தா காத்து பட்டு அத்தினியும் வெடிச்சிரும். அது நேரத்துக்கு ஆறட்டும். லாரிக்காரன வேணா வேப்பூர் போயி டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

முதலாளியையே எதிர்த்துப் பேசினாய். சூளைக்குள் இருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்காக. அவற்றுக்குக் கொடுத்த அவகாசத்தில் ஒரு நாளைக்கூட எனக்கு நீ கொடுக்கவில்லை. அன்றும் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "சாயங்காலம் ஓடினியா?" என்றுதான் கேட்டாய்.

பிறகு ஒன்பது மாதப் படுக்கை. தலை வார கையைத் தூக்கினால் அன்றைய பொழுது அதோடு முடிந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும். தூங்கி எழுந்தால் தூங்காதவளைவிட மோசமாக இருப்பேன். ஒரு நாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று துணி துவைத்தால், அடுத்த நாலு நாள் அடித்துப் போட்டதுபோலக் கிடப்பேன். இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். ஒரு தடவை இல்லை, வாய் வலிக்கச் சொன்னேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய்:

"எல்லாம் நார்மலுன்னு எழுதியிருக்குது. அப்புறம் உனக்கு மட்டும் என்னா இருக்குது? தோத்துடுவோம்னு பயம். அதான் படுத்துக்கெடக்குற."

அந்த ஆடியில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் பாய்க்கு அருகில் உட்கார்ந்தாய். உனக்கு எழுத்து கோழி கிளறியதுபோல வரும். சாமிக்குக் கொடுக்கிற மனு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நோட்டை என் வயிற்றின்மேல் வைத்தாய். நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'என் தங்கைக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை. அவளைப் பிடித்திருக்கும் சோம்பேறித்தனத்தை விரட்டி அவளை மீண்டும் ஓடவைக்க வேண்டும்.' சோம்பேறித்தனம் என்ற சொல்லுக்கு நடுவில் கை நின்றுவிட்டது. இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு மீதியை எழுதினேன். அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அப்போதுகூட உனக்கு உறைக்கவில்லையா?

ஏன் எழுதிக் கொடுத்தாய் என்று அம்மா இப்போது கேட்கிறாள். மாட்டேன் என்று சண்டை போடுவதைவிட எழுதுவதற்குத் தெம்பு கம்மியாகப் போதும். அதனால்தான்.

ஆவணியில் வேப்பூர் ரோட்டில் லாரி உன்னை அடித்தது. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது என்னால் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. உன் தலைமாட்டிலிருந்து எழுந்து போய் உள்ளே படுத்தேன். "அண்ணன் செத்துக்கெடக்குறான், இவ அங்க போயி சாஞ்சிட்டா பாரு" என்று சேத்தியாத்தோப்பு அத்தை சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என்னைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்தவன் நீ.

நீ போன இரண்டாவது மாதம் அம்மா என்னைப் புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் முக்கால் மணி நேரம் நான் சொன்னதைக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட உன்னைப் போல "அப்புறம் உனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கவில்லை. காய்ச்சலுக்குப் பின்னால் சிலருக்கு வருகிற நாட்பட்ட சோர்வு நோய், பரிசோதனைச் சீட்டில் தெரியாது என்றார். நான் அழுதேன். நோய் வந்ததற்காக இல்லை. அந்தப் பெயரை உன் முகத்தில் விட்டெறிய நீ இல்லையே என்பதற்காக. எல்லாவற்றிலும் உனக்கு அவசரம். சாவதிலுமா?

அந்த டாக்டரம்மா மந்திரம் எதுவும் போடவில்லை. களைத்த பிறகு படுக்காதே, களைப்பதற்கு முன்னால் படு என்றார். உன் ஸ்டாப்வாட்ச்சை எடுத்து அதற்குத்தான் வைத்துக்கொண்டேன். மூன்று நிமிஷம் நடை, இருபது நிமிஷம் படுக்கை. உட்கார்ந்தே குளித்தேன். அவசரப்பட்டு வாரக்கணக்கில் விழுந்தும் கிடந்தேன். உன் குரல் காதில் கேட்ட நாட்களில்தான் அப்படி விழுந்தேன். அதை மீறிப் படுத்திருந்த நாட்களில் தேறினேன். முதலில் வாசல் கேட் வரை, பிறகு தெருமுனை வரை, பிறகு பால் பூத் வரை நடந்தேன். ஓட்டம் இன்னும் இல்லை. வருமா என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியதும் அம்மா பதறினாள். "கட்டுன பிராத அப்பிடியே வுடக் கூடாதுடி. இப்ப நடக்குற இல்ல? போயி வாபஸ் வாங்கிட்டு வந்துடு. சாமி குத்தம் ஆயிடும்."

"வாபஸ் வாங்கினா என்னா அர்த்தம்? எனக்கு சோம்பேறித்தனம் இருந்துச்சு, இப்ப போயிடுச்சுன்னுதான? அதுக்கு நான் போயி கையெழுத்துப் போடணுமா?"

அம்மா உன் பேண்ட்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "அன்னிக்கி அவன் சொல்லி நீ எழுதுன. இப்ப நீயா ஒண்ணு எழுது."

இன்று காலை போனேன். மூன்றரை கிலோமீட்டரையும் நடந்தே போனேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், ஓர் இடத்தில் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தேன். பார்த்துக்கொண்டே போனவர்கள் போனார்கள். ஸ்டாப்வாட்ச் கத்துகிறவரை எழவில்லை.

மனுவில் ஒரே வரிதான் எழுதியிருந்தேன். 'எனக்கு உடம்பு முடியவில்லை என்று நான் சொன்னதை என் அண்ணன் நம்ப வேண்டும்.' கோயிலில் மனு வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். எதிராளி இருக்கிற தூரத்தைப் பொறுத்துத்தானே அங்கே கட்டணம்.

"எதிராளி எத்தினி கிலோமீட்டரும்மா?"

"மூணரைங்க. எங்க வூட்டுக்குப் பின்னால, ஆத்தங்கரையில."

"ஆத்தங்கரையில வூடு ஏதும்மா? அங்க சுடுகாடுதான..." என்று ஆரம்பித்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இதை வாபஸ் வாங்க யாரும்மா வருவாங்க?" என்றார்.

"யாரும் வர மாட்டாங்க. இருக்கட்டுங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்து மூன்றரை என்று எழுதிக்கொண்டார்.

உன் மனுவை எங்கே கட்டினாயோ அங்கேயே என்னுடையதையும் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். இப்போது கூடத்தில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தடவை நிறுத்துகிறேன். ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில் கிடக்கிறது, உன் வேர்வை ஊறிக் கறுத்துப்போன அதே கயிற்றோடு. உன்னை நான் மன்னித்துவிட்டால், சரி போ என்று அனுப்பிவிட்டதாகிவிடும். மன்னிக்க மாட்டேன். பிராது நிற்கிறவரை எதிராளி எங்கேயும் போக முடியாது.