உனக்கு மட்டும் ஒரு கப்

அன்புள்ள நண்பனுக்கு,

இன்று பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கப்புக் கட்டு கையில் அகப்பட்டது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் கப்புகள். ஐம்பதில் ஒன்று மட்டும் குறைகிறது. மேலே சுற்றியிருந்த செய்தித்தாள் பழுப்பேறிப் பொடிந்துவிட்டது. கப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இவை என் பேரன் காலத்திலும் இப்படியேதான் இருக்கும் போல. "குப்பையில போடுங்க" என்றாள் மனைவி. நான் ஏணியிலிருந்து இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் கம்பெனி கேன்டீனுக்குக் கப் வந்த கோடை நினைவிருக்கிறது. தண்ணீர் லாரி சரியாக வரவில்லை. டம்ளர் கழுவவே பாதித் தண்ணீர் போய்விடுகிறது, இனி டீ பிளாஸ்டிக் கப்பில்தான் என்று மேனேஜர் கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். எனக்கு அது பெங்களூர் நாகரிகமாகத் தெரிந்தது. நீ ஒருவன்தான் எழுந்தாய்.

"மூணு ஷிப்டுக்கும் சேத்து எத்தன கப்பு ஆவும் சார்? அத எங்க கொண்டுபோயி கொட்டுவீங்க? காவாயிலதான? மாடு தின்னுது சார்."

"உங்க அஞ்செட்டிக் காட்டு மாட்ட எல்லாம் இங்க ஓட்டிட்டு வராதப்பா" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சிரிப்பில் உன் பேச்சு அமுங்கிப்போனது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில்தான் மிச்சத்தைச் சொன்னாய். "எங்க ஊரு டீக்கடையில எங்களுக்குன்னு தனி கிளாசு. கூரையில சொருவி வெச்சிருப்பாங்க. நாங்களே எடுத்துக் குடிச்சிட்டு, நாங்களே கழுவி சொருவணும். இப்ப கப்பு வந்திருக்குது. எங்களுக்கு மட்டும் அதுல ஊத்தறான், உங்களுக்குக் கழுவற வேலகூட இல்ல பாருங்கறான். இங்க நான் குடிச்ச டம்ளர்ல நீ குடிக்கிற. எவன் குடிச்சது எதுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான்ப்பா எழுந்தேன்."

நான் பெல்லை அடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

கப் வந்தது. முதல் மழைக்கே காவாய் அடைத்துக்கொண்டது. காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் அவற்றைக் குவித்துக் கொளுத்துவார்கள். அந்த நாற்றம் மிஷின் வரைக்கும் வரும். நீ வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாய். நீ குடித்துவிட்டு, குழாயில் அலசி, எனக்கு டீ பிடித்துக் கொடுப்பாய். நம் இருவருக்கும் அந்த ஒரே டம்ளர்தான்.

ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. மத்தூரில் எங்கள் வீட்டில் என் மகள் காதுகுத்துக்கு உன்னை வாயாரக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் அம்மாவை நினைத்துப் பயந்தேன். அவளிடம் போய், 'என் சிநேகிதன் நம் டம்ளரில்தான் குடிப்பான்' என்று சொல்ல வேண்டியது என் வேலை. அதற்குப் பதிலாகக் கப் வாங்கினேன். வந்தவர்கள் எல்லாருக்கும் அதிலேயே கொடுத்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாதாம். எவ்வளவு பெரிய புத்திசாலி பார் நான்.

அம்மா கட்டைப் பிரித்து ஒன்றே ஒன்றை உருவினாள். "டம்ளரு இருக்கறப்ப நம்ம சனத்துக்கு எதுக்குடா இது?" என்று சொல்லிவிட்டு, அதில் காபி ஊற்றி உன்னிடம் கொண்டுபோனாள். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய். கம்பெனியில் என்னை வாப்பா போப்பா என்பவன், அன்று என்னை 'நீங்க' என்றாய். நான் கையில் டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். குடித்து முடித்ததும் கப்பை எங்கே போடுவதென்று சுற்றிலும் பார்த்தாய். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை வழக்கம்போல டம்ளரை அலசி என்னிடம் நீட்டினாய். நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

உனக்கு மஞ்சள் காமாலை முற்றியதும், நீ ஊரிலேயே இறந்துபோனதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பஸ் மாறி உன் ஊர் நாட்றாம்பாளையம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. உன் மனைவி என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு யாரையோ கடைக்கு அனுப்பினாள். வெகுநேரம் கழித்துக் காபி வந்தது, பிளாஸ்டிக் கப்பில். இது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. "உங்க வூட்ல எல்லாருமே இந்தக் கப்புலதான் குடிப்பீங்களாமே சார். காதுகுத்துக்குப் போயிட்டு வந்து அவரு சொன்னாரு. பெரியவங்க சின்னவங்க எல்லாருக்கும் இதுதான், எனக்கும் இதுலதான் குடுத்தாங்கன்னு. அதான் தேடி வாங்கியாரச் சொன்னேன்."

"ஆமாம்மா" என்றேன்.

அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் என் மனம் கொஞ்சம் லேசாகும். ஆனால் தன் புருஷனை எல்லாரையும் போல நடத்திய வீடு ஒன்று மத்தூரில் இருக்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். நீ அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன வீடு அது. அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.