ஜூலியின் பங்கு முட்டை

அக்கா,

இன்று காலை அடுப்பில் இரண்டு முட்டை வெந்துகொண்டிருந்தன. தண்ணீர் சுண்டும்போது அவை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. ஒன்றின் ஓடு வெடித்து, வெந்த வெள்ளைக்கருவின் வாடை சமையலறை முழுக்கப் பரவியது. அந்த வாடை வந்தால் கூடவே நீங்களும் வந்துவிடுகிறீர்கள். செத்துப் பத்து மாதமாகியும் இடுப்பில் சாவிக்கொத்தோடு கதவோரம் வந்து நிற்கிறீர்கள். நீங்கள் இருந்தவரை, உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் நான் அந்த வீட்டில் காலம் தள்ளினேன். இந்தக் கடிதத்தையும் அதே தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருடம், தை மாதம். நான் அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்து ஒரு வருடம் ஆகவில்லை. வயிற்றில் ஐந்து மாதம். என் வீட்டுக்காரருக்கு மெட்ராஸில் லேத் பட்டறை வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து, ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போவார். மாமியார் இல்லாத வீடு என்று எங்கள் ஊரில் எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். மூத்த மருமகளாக நீங்கள் இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்காரர், மாமா, கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போன லாரியில் திரும்பி வரும்போது ஒரு நாயோடு இறங்கினார். யாரோ ஒரு வக்கீல் வீட்டைக் காலிசெய்து போகும்போது வேண்டாமென்று விட்ட கிரேஹவுண்ட் வேட்டைநாய். பெயர் ஜூலி. நாலு காலும் நடுங்க நம் வாசலில் நின்றது. விலாவை எண்ணிவிடலாம். இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. நீங்கள் சுற்றிவந்து பார்த்தீர்கள்.

"இன்னாய்யா இது, நாயா கொடிக்கம்பியா? துணி காயப்போடலாம் போல கீது."

மாமாவுக்கு அது விளையாட்டில்லை. சித்திரையில் உத்திரமேரூர் ஏரி வற்றியதும் ஊர் ஆண்கள் நாய்களோடு இறங்கி முயல் ஓட்டுவார்கள். எவன் நாய் முதல் முயலைக் கவ்வுகிறதோ, அவன் பேச்சுக்குத்தான் அந்த வருடம் டீக்கடையில் மரியாதை. பக்கத்து ஊர் மாகறல்காரர்களின் நாய் இரண்டு வருடமாக ஜெயித்துவந்தது. மாமாவுக்கு மூன்று மாதம் இருந்தது. வண்டி மாட்டைத் தேற்றிப் பழகிய மனிதர், நாயையும் அப்படியே தேற்றப் பார்த்தார். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வாளி வாளியாக வைத்தார். பசியில் ஜூலி அத்தனையும் தின்றது. பிறகு மூன்று நாள் வாசல் முழுக்கப் பீய்ச்சியது. கழுவியது யார் என்று உங்களுக்கே தெரியும்.

நாலாம் நாள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், இது மாடு இல்லய்யா. காஞ்ச கொடல்ல ஒரே நாள்ல கொட்னா செத்துப்பூடும். கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளையாப் போடணும்." முதலில் பூச்சி மருந்து கொடுத்தார். குழைய வடித்த சோறு, எலும்பு வேகவைத்த சாறு, ராகிக் கூழ், தயிர், கொத்திய கறி என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார். தின்றதும் ஓட விடக்கூடாது, வெங்காயம் ஆகாது, வெந்த எலும்பு ஆகாது. "இந்த ஜாதியே ஒல்லிதான். தடவுனா விலா தெரியலாம், தப்பில்ல. இடுப்பெலும்பு நீட்டிக்கினு நிக்கக் கூடாது. பதினெட்டு கிலோ கீது, இருபத்திநாலு வரட்டும். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

அந்தச் சீட்டை உங்களுக்குப் படித்துக் காட்டியவள் நான். அந்த வீட்டில் எட்டாவது படித்தவள் நான் ஒருத்திதான். சீட்டில் தினம் முட்டை ஒன்று என்று இருந்தது. நான் இரண்டு என்று படித்தேன்.

ஏன் படித்தேன் என்றால் பசி, அக்கா. வேறு காரணம் எதுவும் எனக்கு ஜோடிக்கத் தெரியவில்லை. நீங்கள் எனக்கும் ஒரு பத்தியம் வைத்திருந்தீர்கள். காலையில் ஒரு சொம்பு கூழ். மத்தியானம், எல்லோரும் தின்ற பிறகு, நீங்கள் கரண்டியால் அளந்து போடும் சோறு. ராத்திரி மோர். இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டினால் சொல்வீர்கள்: "வயித்துப் புள்ளக்காரி அளவாத் துன்னணும். புள்ள பெருத்தா வெளிய வராது."

உங்கள் முதல் பிள்ளை இரண்டு நாள் வலிக்குப் பிறகு செத்துப் பிறந்தது என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அரிசி புடைத்துக்கொண்டே, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள். "எங்கம்மா ஊட்டி ஊட்டி வளத்தா. நெய்யி, முட்ட, கறி. அதான் அது உள்ளயே மூச்சடச்சிச்சி." நம் பக்கத்தில் பாதிப் பெண்கள் அப்போது அப்படித்தான் நம்பினார்கள். அதனால் உங்கள் கரண்டியை முழுக்க வஞ்சகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அளந்து போடும்போது உங்கள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதை நான் பார்த்தேன்.

ஒரே வாசலில் இரண்டு பத்தியம் நடந்தது. நாய் பெருத்தாக வேண்டும், நான் பெருத்துவிடக் கூடாது. இரண்டையும் நடத்தியது உங்கள் சாவிக்கொத்து. முட்டையை எண்ணி என் கையில் கொடுப்பீர்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒன்றை மசித்து ஜூலியின் சோற்றில் கலப்பேன். மற்றதைத் திரும்பி நின்று, உப்புக்கூட இல்லாமல், இரண்டே வாயில் விழுங்குவேன். ஜூலி அண்ணாந்து பார்க்கும். குரைக்காது.

வெள்ளிக்கிழமைதோறும் கடலை மூட்டை நிறுக்கும் தராசில் கோணி கட்டி, அதில் ஜூலியை நிறுத்தி எடை போடுவார் மாமா. பத்தொன்பது. பத்தொன்பதரை. மாசி கடைசியில் இருபத்தொன்று. இடுப்பெலும்பு கொஞ்சம் மறைந்து, தோலில் பளபளப்பு வந்தது. மாமா டீக்கடைக்குச் சட்டை போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். நீங்கள் என் வயிற்றைப் பார்த்து, "இதயும் தூக்கித் தராசுல வெச்சா தெரிஞ்சிப்பூடும், எவ்ளோ அமுக்கறான்னு" என்றீர்கள். மாமாகூடச் சிரித்தார்.

பங்குனியில் எனக்கு ஏழு மாதம். ஒரு முட்டை பற்றவில்லை. முதலில் ஜூலியின் சோற்றிலிருந்து கறித்துண்டைப் பொறுக்கினேன். பிறகு எலும்புச் சாற்றில் பாதியைக் குடித்தேன். பிறகு அதன் முட்டையையும். தட்டை அதன் முன்னால் வைத்துவிட்டு, அது முகர்வதற்குள் எடுத்தேன். ஒருநாள் அதன் வாய்க்குள் போனதை விரலை விட்டு எடுத்துத் தின்றேன். அது என்னைக் கடிக்கவில்லை. கடித்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

தராசு இருபத்தொன்றிலேயே நின்றது. அடுத்த வாரம் இருபதுக்கு இறங்கியது. சித்திரை வந்துவிட்டது. மாமா தயங்கினார். டாக்டர் சொன்ன எடை வரவில்லை, இந்த வருடம் வேண்டாம் என்றுகூடச் சொன்னார். ஓடட்டும் என்று சொன்னது நீங்கள். மாமாவிடம் பேசினாலும் உங்கள் கண் என்மேல் இருந்தது.

"இத்தினி நாளு ரெண்டு ரெண்டு முட்ட போட்டாச்சி. துன்னதெல்லாம் எங்க போச்சின்னு ஓடனா தெரிஞ்சிப்பூடும்."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அது தின்னவில்லை மாமா, நான் தின்றேன், ஓட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். அடித்திருப்பீர்கள், அல்லது பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். அதற்குப் பயந்து உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன்.

ஏரியில் ஜூலிதான் முன்னால் ஓடியதாம். முயலுக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும்போது, வெடித்த சேற்றுப் பிளவில் முன்னங்கால் இறங்கி முறிந்ததாம். தராசில் கட்டிய அதே கோணியில் இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். எலும்பு வெளியே தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்தார். மாமாவைத் திட்டக்கூட இல்லை. ஒரு ஊசி போட்டார். அதன் தலை என் மடியில் இருந்தது. போகும்வரை என் கையை நக்கியது. காலையில் நான் தின்ற அதன் பங்கு முட்டை வாடை அந்தக் கையில் இருந்தது.

நான் அழுதேன். நீங்கள் பக்கத்தில் வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள்: "இன்னாத்துக்கு அழுவுற? நீ துன்ன முட்ட அது கால்ல இருந்திருந்தா ஒடஞ்சிருக்காது. பாத்துக்கினுதான் இருந்தேன்."

ஆனி மாதம் எனக்குப் பையன் பிறந்தான். மூன்று கிலோ, வலி கண்டு ஆறு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டான். நீங்கள் கையில் வாங்கி, ஏந்திப் பார்த்து, "முட்ட நல்லாத்தான் ஒட்டிக்கினு கீது" என்றீர்கள். சுற்றி இருந்தவர்கள் திருஷ்டிப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் முப்பது வருடம் நான் முட்டையைத் தொடவில்லை.

ஆனால் ஒரு கேள்வி உள்ளேயே கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் ஏன் தடுக்கவில்லை? தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டீர்களா, வசமாக மாட்டட்டும் என்று காத்திருந்தீர்களா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்தபோது உங்களுக்குப் பேச்சு போயிருந்தது.

பக்கவாதம் வந்து நீங்கள் படுத்தபோது உங்கள் பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள். சாவிக்கொத்து என் இடுப்புக்கு வந்தது. டாக்டர் சொன்னார்: கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை, குழைந்த சோறு, கூழ், தயிர், தினம் ஒரு முட்டை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களைக் குளிப்பாட்டும்போது இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன.

ஒருநாள் உங்கள் முட்டையை உரித்து, உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நானே தின்றேன். இரண்டே வாய். உப்பு இல்லாமல். உங்கள் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "பாத்துக்கினு இரு" என்றேன். வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் உங்களை ஒருமையில் பேசினேன். அதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

நீங்கள் அழுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். சரியாக இருந்த பாதி வாய் இழுத்துக்கொண்டு சிரித்தது. அசையும் கையைத் தூக்கி, இரண்டு விரலை நீட்டினீர்கள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதினார், நீங்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றீர்கள். சீட்டில் ஒன்றுதான் எழுதியிருந்தது என்பது, நான் படித்த அன்றே உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டு எண்ணிக் கொடுத்தீர்கள். தட்டில் ஒன்றை வைத்து, துன்னுடி என்று சொல்ல மட்டும் உங்களுக்கு மனசு வரவில்லை. நாயை ஓட விடும்போதும் தெரிந்தேதான் விட்டீர்கள்.

மறுநாளிலிருந்து இரண்டு வேகவைத்தேன். ஒன்றை மசித்து உங்கள் வாயில் வைத்தேன், இன்னொன்றை உங்கள் எதிரில் உட்கார்ந்து தின்றேன். நாம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டது அந்த நாலு மாதம்தான்.

நீங்கள் போன பிறகும் கை இரண்டு முட்டையைத்தான் எடுக்கிறது. ஒன்று போதும் என்று தினமும் நினைக்கிறேன். தெருவில் விலா தெரிய ஒரு நாய் திரிகிறது. கதவருகே வந்து அண்ணாந்து பார்க்கிறது. இன்று காலையும் பார்த்தது.

இரண்டையும் நானே தின்றேன், அக்கா.