இடது கண்ணில் இறங்கிய திரை

கிம்பா,
ஜூன் 19.

அன்புத் தம்பி முர்ரேவுக்கு,

அண்ணன் லிண்ட்சே எழுதுவது. நாங்கள் நலம். நார்ஃபோக் தீவில் நீயும் உன் படகும் சுகமா? ஆறு வருஷம் கழித்து வரும் கடிதம். கிழித்துப் போடாமல் படி.

போன மாதம் கோதுமை விதைக்கும்போது, டிராக்டரிலேயே என் இடது கண்ணில் கறுப்புத் திரை இறங்கியது. வலியில்லை. ஐந்து நிமிடத்தில் தானாக விலகிவிட்டது. சாப்பாட்டின்போது உன் அண்ணி கிளெனிஸிடம் சும்மா சொன்னேன். தட்டை நகர்த்திவிட்டு, "எந்திரிங்க, வண்டில ஏறுங்க. விதைப்பு எங்கயும் ஓடிடாது" என்றாள்.

ஊர் டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ரத்தம் இரைச்சலோடு ஓடுகிறதாம். உடனே அடிலெய்டுக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனில், மூளைக்குப் போகும் இடது ரத்தக்குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அதிலிருந்து உடைந்த துணுக்குதான் கண்ணை மறைத்ததாம். அடுத்தது மூளைக்குப் போனால் பக்கவாதம்.

டாக்டர் லியன் என்ற பெண்மணி அறுவை செய்தார். கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். நான் விழித்தே இருந்தேன். வலது கையில் அமுக்கினால் கத்தும் ரப்பர் வாத்து ஒன்றைக் கொடுத்தார்கள். அடைப்பை எடுப்பதற்காக அந்த ரத்தக்குழாயை இறுக்கி ரத்தத்தை நிறுத்தியதும், மூளை தாங்குகிறதா என்று பார்க்க வாத்தை அமுக்கச் சொன்னார். பயத்தில் விடாமல் அமுக்கினேன். "போதும் லிண்ட்சே, எங்க காது போயிடும்!" என்றார். ஆபரேஷன் தியேட்டரே சிரித்தது. குழாயிலிருந்து எடுத்த அடைப்பைப் பிறகு காட்டினார்: நம் ஆழ்குழாய்த் தண்ணீர்க் குழாயில் படியும் உப்பு மாதிரி இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். சிகரெட்டை விட்டாயிற்று. நேற்று வேலி வரை நடந்தேன்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அப்பா பக்கவாதம் வந்து விழுவதற்குப் பத்து நாள் முன்னால், "லிண்ட்சே, ஒரு கண்ணு திடீர்னு இருட்டிட்டு வருதுடா" என்று என்னிடம் சொன்னார். தூசியாக இருக்கும், கழுவுங்கள் என்றேன். அடக்கத்தன்று எல்லார் முன்னாலும், நீ பக்கத்தில் இல்லாததால்தான் அப்பா போனார் என்று உன்னைத் திட்டினேன். தப்பு என்னுடையது, தம்பி. உனக்கு எதுவுமே தெரியாது.

உனக்கும் அதே ரத்தம், நீயும் புகைக்கிறவன். இந்த வாரமே டாக்டரிடம் அப்பாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் சொல். கொழுப்பு, ரத்த அழுத்தம் பார். கழுத்துக்கு ஸ்கேன் வேண்டுமா என்று கேள். என்மேல் கோபம் வரும், வரட்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து நேரிலேயே திட்டு. எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கித் திட்டு.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
லிண்ட்சே